ஜுபைதா வாடகைக்கு விட்ட வீடுகள்

ஜுபைதா மொட்டை மாடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தளத்து விரிசலில் படிந்த மண்ணைப் பழைய கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுரண்டிய இடத்தைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு, சிமெண்டுக் கரைசலில் நனைத்த கந்தல் துணியை விரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் அவள் செய்கிற வேலை. வயது ஐம்பத்தெட்டு, முழங்கால் வலி வேறு. ஆள் வைத்துச் செய்யக் கூடாதா என்று கேட்டேன்.

"ஆளு கண்ணுக்குத் தெரியுற விரிசலத்தான் அடைப்பான். எங்க ஒழுகும்னு எனக்குத்தான் தெரியும்க்கா."

அப்போதுதான் செல்லி படியேறி வந்தாள். மூன்றாம் வீட்டில் குடியிருப்பவள். அவள் கணவன் கலைவாணன், டைல்ஸ் ஒட்டும் கொத்தனார். கல்லீரல் கெட்டு மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் கிடந்தான். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"அக்கா, இங்கயே கூட்டிட்டு வரட்டுங்களா?"

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கேள்வி என்று தெரியும். சாவு விழுந்த வீட்டுக்கு அப்புறம் ஆள் வராது என்று உரிமையாளர்கள் பயப்படுகிறார்கள். சொந்த ஊருக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். முப்பது வருடம் வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள் நான். மூச்சு இழுத்துக்கொண்டிருப்பவர்களை வேனில் ஏற்றி அனுப்பியதை ஐந்தாறு முறை பார்த்திருக்கிறேன். ஒருவர் பாதி வழியில் ரோட்டிலேயே போய்விட்டார். கலைவாணனின் சொந்த ஊர் கம்பைநல்லூர்ப் பக்கம். அங்கே இருக்கும் அண்ணன் இடமில்லை என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

"சாயங்காலம் சொல்றன்" என்றாள் ஜுபைதா. செல்லி இறங்கிப் போனாள்.

உடனே சரி என்று சொல்லாததில் எனக்கு வருத்தமில்லை. அவளுக்கு வேறு வருமானம் கிடையாது. கணவர் நூர் பாஷா புளி வியாபாரம் செய்து சேர்த்ததில் காரிமங்கலத்தில் இந்த இடத்தை வாங்கினார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாட் வாங்கிப் போடுங்கள், விலை ஏறும் என்று எல்லோரும் சொன்னபோது, விற்கிற வரைக்கும் எதைச் சாப்பிடுவது என்று கேட்டவள் ஜுபைதா. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தால்தான் வேலைக்குப் போகிறவர்கள் குடிவருவார்கள் என்று கணக்குப் போட்டாள். சித்திரை மாதத்தில் போர்வெல் வற்றுகிறதா என்று அக்கம்பக்கத்தில் இரண்டு கோடை விசாரித்தாள். பிறகுதான் முன்பணம். ஐந்து வீடு கட்டி, ஐந்துக்கும் தனித்தனி கரண்ட் மீட்டர் வைத்தாள். வருடத்தில் ஒரு மாத வாடகை ரிப்பேருக்கு, அதைத் தொடமாட்டாள். வாடகை இப்போது போனிலேயே வந்துவிடுகிறது. இருந்தும் ஐந்தாம் தேதி ஒவ்வொரு வீட்டுக்கும் போய் நிற்பாள். "காசு வந்துச்சான்னு போன் சொல்லும். செவுத்துல ஓதம் ஏறுதான்னு போன் சொல்லுமா?" என்பாள். சுவரில் அப்படி ஈரம் ஊறி ஓதம் இருந்தால், குடிவருகிறவர் கேட்பதற்கு முன்பே காட்டிவிடுவாள்.

அன்று சாயங்காலம் ஐந்தாம் வீட்டுக்கு, அதாவது என்னிடம், வந்தாள். உட்காரவில்லை.

"எத்தன நாளுக்கா இருப்பான்?"

"பத்து நாள். மிஞ்சினா பதினஞ்சு."

"படுக்கப் புண்ணு வராம பாத்துக்க முடியுமா?"

"செல்லி கூட நின்னா முடியும்."

"அப்ப வரட்டும்."

மறுநாள் ஆம்புலன்ஸ் வந்து போன கையோடு இரண்டாம் வீட்டு நவநீதனும் நான்காம் வீட்டு அறிவழகனும் ஜுபைதா இருக்கும் முதல் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். நவநீதன்தான் பேசினான்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. சின்னக் கொழந்த இருக்குற வூடு. பக்கத்துச் செவுத்துல இப்படின்னா எப்படிங்க? ஒண்ணு அவங்க போகணும், இல்லன்னா நாங்க போறோம்."

"போறதுன்னா போங்க தம்பி. அட்வான்ஸ அன்னிக்கே குடுத்துடுறன்."

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. "சாவு விழுந்த வூட்டுக்கு அப்புறம் எவன் வருவான்? உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்."

"நீ வந்தியே."

"என்னங்க சொல்றீங்க?"

"அப்ப நாங்க ரெண்டாவது வூட்டுலதான் இருந்தோம். எங்க வூட்டுக்காரர் அங்கதான் எறந்தாரு. நீ கட்டில் போட்டிருக்கியே, அந்த எடம்."

நவநீதன் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"மூணு வருசமா ஒரு வார்த்த சொல்லலீங்களே."

"நீ கேக்கல."

"ஓதம் இருந்தா மட்டும் கேக்காமயே சொல்றீங்க?"

அது நியாயமான கேள்விதான்.

அவனுடைய மனைவி ஐஸ்வர்யா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தாள். "ஏங்க, இந்த வூட்டுக்கு வந்துதான் இவ பொறந்தா, உங்களுக்கு பிரமோசனும் வந்துச்சு. சித்திரையிலயும் தண்ணி வர்ற வூடு இந்த ஊர்ல வேற எங்க இருக்குது? நீங்க வேணா தனியா ரூம் பாத்துக்கிட்டுப் போங்க."

நவநீதன் இருந்துவிட்டான். அறிவழகன் அந்த வாரமே காலி செய்தான். ஜுபைதா அவனிடம் முகம் சுளிக்கவில்லை. ஃபேன், லைட், குழாய் எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸை முழுசாகக் கொடுத்தாள்.

கலைவாணனை இரண்டு மணிக்கொரு தரம் நானும் செல்லியும் புரட்டிப் போட்டோம். ஜுபைதா பகலில் ஒரு தடவை வருவாள். ஆறுதல் பேசமாட்டாள், அழுக்குத் துணியை வாளியோடு எடுத்துக்கொண்டு போவாள். ஒரு நாள் அவன், "இந்த ஜன்னலு சரியா மூட மாட்டேங்குதுங்க" என்று முனகினான். அரை மணி நேரத்தில் கீலைக் கழற்றி மாற்றிவிட்டாள். கடைசி வரைக்கும் அவனுக்குப் புண் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அவன் இறந்தான். காலியாகக் கிடந்த நான்காம் வீட்டைத் திறந்து, வந்த உறவினர்களை உட்காரச் சொன்னாள் ஜுபைதா. இடமில்லை என்ற அண்ணனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். பொழுது சாய்வதற்குள் எடுத்துப் போனார்கள். திரும்பி வந்து எல்லோரும் குளிக்கிற வரைக்கும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் நான்காம் வீட்டைப் பார்க்க வந்தார். ஜுபைதா அதற்குள் தரையைக் கழுவி வைத்திருந்தாள். அவர் சுற்றிப் பார்த்தார், வாடகை கேட்டார், பிடித்துப்போய்ச் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"இருங்க சார். நேத்து மூணாவது வூட்டுல ஒருத்தர் எறந்தாரு. ரெண்டாவது வூட்டுல எங்க வூட்டுக்காரர் எறந்தாரு. நாளைக்கு உங்க வூட்டுல யாருக்காச்சும் முடியாம போனாலும் வெளிய அனுப்ப மாட்டன். தெரிஞ்சுக்கிட்டுக் குடிவாங்க."

வாத்தியார் கையை வெளியே எடுத்தார். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னார்.

"கேட்டுட்டு வாங்க" என்றாள் ஜுபைதா. கதவைப் பூட்டிவிட்டு மூன்றாம் வீட்டுக்கு வந்து கலைவாணன் படுத்திருந்த கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை நான் பிடித்தேன். வாசலுக்குக் கொண்டுவந்து ஃபினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவி, வெயிலில் நிறுத்தினோம்.