ஓம் கொட்டிய தவரத்தினம்

என் வாயில் மிச்சமிருக்கும் இரண்டு பற்கள் மேல் சத்தியம், இது நடந்தது. ஒன்று மேல் வரிசை, ஒன்று கீழ் வரிசை. ஒன்றையொன்று தொட்டதேயில்லை, ஆகவே இரண்டும் கூடிப் பேசிப் பொய் சொல்ல வழியில்லை. நடந்த இடம் பாரிஸ், லா ஷப்பல். நடந்தது பட்டப்பகலில், தேர்த் திருவிழா அன்று, தெருவெல்லாம் சனம் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தபோது. பேய் இருட்டில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

தவரத்தினம் வன்னியிலிருந்து வந்தவர். லா ஷப்பலில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் வாடகைக்கு விடும் சால், அதாவது மண்டபம், ஒன்று இருக்கிறது. பிறந்தநாள், நடன வகுப்பு, சங்கக் கூட்டம் எல்லாம் அதில்தான். கூட்டித் துடைப்பதும் பூட்டித் திறப்பதும் இவர் வேலை. பேசுகிறவரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். யார் எதைச் சொன்னாலும் ஆமென்று தலையாட்டி "ஓம்" என்பார். இரண்டு தரம் சொன்னால் இரண்டு ஓம். இப்படி மரியாதையான மனிதரைப் பார்த்ததில்லை என்று எல்லோரும் மெச்சினார்கள்.

அப்படிச் சொன்ன ஓம் ஒன்றுதான் அவர் வீட்டைக் காலியாக்கியது. நான்கு வருடத்துக்கு முன் மகள் நிருபா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி ஏதோ கேட்டாள். பிறகு திரும்பி இவர் முகத்தைப் பார்த்தாள். "ஓம்" என்றார். அன்று மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு, லூடோவிக் என்ற பிரெஞ்சுப் பையனோடு லீல் நகரத்துக்குப் போய்விட்டாள். என்ன கேட்டாள், எதற்கு ஓம் சொன்னோம் என்று இவருக்கு விளங்கவேயில்லை. கேட்கவும் வெட்கம்.

தேருக்கு முதல் நாள் கைபேசியில் ஒரு செய்தி வந்தது.

"நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு ரூ லூயி-பிளாங் மூலையிலை நிக்கிறன். பிள்ளையும் என்னோடை. ஒரு மணிக்கு எங்கடை ரெயின். நீங்கள் வராட்டில், இனிக் கரைச்சல் தரமாட்டன்."

இவர் பதில் எழுதினார்: "ஓம்."

அனுப்பிய பிறகுதான் யோசித்தார். எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லும் மனிதரின் ஓம். அதை அவள் நம்புவாளா? இரவு முழுக்க நித்திரையில்லை.

காலையில், சாலுக்கு மேலே போன் கடை வைத்திருக்கும் அரியநாயகம் வாசலில் மறித்தார். உதட்டை மூடிய மீசை அவருக்கு.

"என்ன அண்ணை, தலைக்கு மை பூசியிருக்கிறியள்?"

"ஓம்."

"கறுப்புக் கூடிப்போச்சு. காகம் ஒண்டு இருக்கிற மாதிரிக் கிடக்கு."

"ஓம், ஓம்."

"காகம் எண்டாலும் ஓமோ?" அரியநாயகம் சிரித்துக்கொண்டு தேங்காய் வாங்கப் போனார்.

பேத்திக்கு வாங்கிய சரிகைப் பாவாடையை நிலவறை அலுமாரியில் ஒளித்து வைத்திருந்தார் தவரத்தினம். அதை எடுக்கத்தான் இறங்கினார். மணி பதினொன்றே கால். சாவியைக் கதவின் வெளிப்பக்கத்திலேயே விட்டுவிட்டு உள்ளே போனார். காற்று அடித்ததோ என்னவோ, திரும்பிப் பார்த்தால் கதவு சாத்தியிருந்தது. உள்பக்கத்தில் கைப்பிடி இல்லை. கழன்று விழுந்ததைப் பொருத்தவேண்டும் என்று மூன்று கிழமையாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

கைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. தட்டினார். உதைத்தார். கத்தினார். மேலே சனமெல்லாம் தேங்காய் உடைக்கிறது. கீழே ஒருவன் கதவை உடைத்தால் யாருக்குத் தெரியும்?

பதினொன்றரை. முழங்கால் நொந்தது. உட்கார இடம் தேடினார். அறை நடுவில் ஒரு பாய். பாயின் ஓரத்தில் ஒரு மெத்தை. மெத்தைக்கு முன்னால் ஒரு மேளம்.

அது கொரியர்களுடைய பன்சோரி வகுப்புச் சாமான். வகுப்பை நடத்தும் ஜெனவியேவ் என்ற கிழவி, விளக்கத் தாளொன்றைக் கதவில் ஒட்டியிருந்தார். பாடுகிறவர் ஒருவர், மேளக்காரர் ஒருவர், இரண்டே பேர். பாடுகிறவர் கையில் ஒரு விசிறி. பாட்டும் வசனமுமாக ஒரு கதையை மணிக்கணக்காகச் சொல்வார். அருவியோடு போட்டிபோட்டுக் கத்தித் தொண்டை கிழிந்து பழுத்த குரல். முன்பு பன்னிரண்டு கதை இருந்ததாம். இன்று ஐந்துக்குத்தான் முழுப் பாட்டு மிச்சம். கதைக்கு நடுவே மேளக்காரரும் சபையும் "ஓல்சூ" என்று குரல் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் கதை நகராது. நம்மவர்கள் கதை கேட்கும்போது 'ம்' கொட்டுகிறோமே, அதேதான்.

தவரத்தினம் வாசலில் நின்று பல நாள் பார்த்திருக்கிறார். பாடுகிறவரின் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்ப்பார். அது அவருக்குப் பிடிக்கும்.

வேறு இடமில்லாமல் அந்த மெத்தையில் உட்கார்ந்தார். அது மேளக்காரனுடைய இடம். அதை அவர் நினைக்கவில்லை.

அப்போது அவருக்குச் சத்தம் கேட்டது.

இந்தக் கதையில் முதல் கோணல் அதுதான்.

தண்ணீர் விழும் சத்தம். அந்த அறையில் குழாயே கிடையாது. அதற்கு மேலாக ஒரு பெண் குரல். கரகரவென்று, சரளைக் கல்லை இழுப்பதுபோல... சுவர்ப் பக்கமிருந்து வந்தது. பிறகு பாயிலிருந்து வந்தது.

பார்த்தார். பாயில் ஒருத்தி நின்றாள். வெள்ளைப் பாவாடை. அதன் விளிம்பு நனைந்திருந்தது. கையில் மூடிய விசிறி.

பாடி நிறுத்தினாள். இவரைப் பார்த்தாள். எதற்கோ காத்திருந்தாள்.

ஒருவர் முகம் பார்த்துக் காத்திருந்தால் தவரத்தினம் வேறென்ன செய்வார்?

"ஓம்" என்றார்.

விசிறி படாரென்று விரிந்தது. கதை தொடங்கியது.

மூன்று நிமிடத்தில் தானாக அணையும் விளக்கு, அணையவில்லை. அது இரண்டாவது கோணல். இவருடைய கைகள் தாமாக எழுந்து தோலில் விழுந்தன. டும்... தக்... டும். அது மூன்றாவது. இவர் வாழ்க்கையில் ஒரு மேளத்தையும் தொட்டவரில்லை.

எழும்பப் பார்த்தார். கால் வரவில்லை. வாயை மூடிப் பார்த்தார். விளக்கு மங்கியது. தண்ணீர்ச் சத்தம் கிட்ட வந்தது... சப்பாத்துக்குள் குளிர் ஏறியது.

"ஓம்!"

விளக்கு வந்தது.

சொன்னால் கதை நீளும். சொல்லாவிட்டால் தண்ணீர் ஏறும். மணிக்கூடு பன்னிரண்டு காட்டியது. மூலையில் நிருபா நிற்பாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு. சனத்துக்குள் இவர் தலையைத் தேடிக்கொண்டு.

"ஓம்... ஓம்..."

கொரிய மொழி இவருக்கு ஒரு சொல் தெரியாது. ஆனாலும் மெல்ல மெல்ல விளங்கத் தொடங்கியது. ஒரு ஆறு. ஒரு துறை. இந்தக் கரையில் ஒரு தகப்பன். அந்தக் கரையில் மகள். வள்ளம் புறப்படப்போகிறது. மகள் கூப்பிட்டுக் கேட்கிறாள். தகப்பன் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொல்கிறான்.

"ஓம்."

தன் வாயே அதைச் சொன்னது.

அவள் நிறுத்தினாள்.

மெல்லத் திரும்பினாள். முதுகு தெரிந்தது. ஜன்னல் இல்லாத சுவரில், ஜன்னலைப் பார்ப்பதுபோல் நின்றாள்.

பிறகு கேட்டாள். தமிழில். நிருபாவின் குரலில்.

"அவரைக் கட்டினால்... என்னைக் கைவிட்டிடுவியளோ, அப்பா?"

இதுவா?

இதற்கா நான்...

தண்ணீர் முழங்காலில்.

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

உதடு பழக்கத்தில் ஓவென்று குவிந்தது.

பல்லைக் கடித்தார்.

விளக்கு போனது.

இடுப்பில் தண்ணீர்...

நெஞ்சில்...

"இல்லை, பிள்ளை. இல்லை. இல்லை!"

டும்.

நின்றது.

கதவு திறந்தது. வெளிச்சத்தில் நிருபா நின்றாள், இடுப்பில் ஒரு குழந்தை. மூலையில் நின்று பார்த்துவிட்டுத் தேடி வந்தவளுக்கு அரியநாயகம்தான் இடம் காட்டி அனுப்பியிருந்தார். தவரத்தினம் அவள் முகத்தைப் பார்த்தார்.

"அப்பா, ஆர் மேளம் அடிச்சது? படியிலை வரேக்கை கேட்டுது. நீங்கள் இல்லை, இல்லை எண்டு கத்தினதும் கேட்டுது. என்ன இல்லை?"

"கைவிடமாட்டன்" என்றார். "அண்டைக்கு நீ கேட்டதுக்கு."

அவள் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். குழந்தை இவருடைய மைத் தலையைப் பிடித்து இழுத்துக் கறுத்த கையோடு சிரித்தது. ஒரு மணி ரெயின் அவர்கள் இல்லாமல்தான் போனது.

அடுத்த வாரம் ஜெனவியேவை நிருபா கண்டு பேசினாள். அந்த நிலவறையில் முதலில் பாடக் கற்றுக்கொடுத்த கொரியப் பெண்ணைப் பற்றி ஜெனவியேவ் சொன்னார். தொலைந்த கதையொன்றின் பாட்டு தனக்குத் தெரியும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாளாம். ஒரு நாள் காலையில் அதைப் பாட விசிறியோடு பாயில் நின்றாள். மேளக்காரர் வரவில்லை. மாலை வரை நின்றாள். பாடாமலே நாடு திரும்பினாள். அந்த மாதமே இறந்துபோனாள்.

"மேளம்?" என்று கேட்டாள் நிருபா.

"மேளமா? அதன் தோல் கிழிந்து ஜூனிலேயே திருத்த அனுப்பிவிட்டோம். அங்கே வெறும் மெத்தைதான் கிடக்கிறது."

தவரத்தினத்தின் இரண்டு உள்ளங்கையும் ஒரு கிழமைக்கு வீங்கிக் கிடந்தன. அதை நானே பார்த்தேன்.

நான்கு வருடத்துக்கு முன் ஜன்னலோரம் கேட்ட கேள்வியைப் பற்றித் தகப்பனும் மகளும் பேசப் பேச, நிருபாவுக்கு ஏதோ ஒரு சந்தேகம் வந்திருக்கவேண்டும். செப்டெம்பரில் அவரைச் சென் தெனியில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: வன்னிப் போரில் செல் குண்டு வெடித்த நாளிலிருந்து இவருடைய இரண்டு காதுக்கும் ஒரு சத்தமும் எட்டியிருக்காது.