ரோஸ்லின் வீட்டு டிஷ்ஷும் என் ஜமுக்காளமும்

நனைந்த ஜமுக்காளத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிப் படி ஏறியிருக்கிறீர்களா? இடுப்பு விட்டுப்போகும். முழங்கை வழியாகத் தண்ணீர் சொட்டும், சோப்பு வாசனை மூக்கிலேயே நிற்கும், படியெல்லாம் ஈரம்...

நான் வாரத்துக்கு மூன்று முறை ஏறினேன். அதுவும் வேலைக்குப் போய்விட்டு வந்து, சாயங்காலம் ஆறு மணிக்கு.

ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்து ஒன்பது, பத்து இருக்கும். புதுச்சேரி லாஸ்பேட்டையில், ஏர்போர்ட் காம்பவுண்டு சுவருக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. இரண்டு போர்ஷன், மேலே பொது மொட்டை மாடி. ஒரு போர்ஷனில் நானும் என் வீட்டுக்காரரும். இன்னொன்றில் ரோஸ்லினும் அவள் மாமியாரும். ரோஸ்லின் என்னைவிட ஆறு வயது சின்னவள். புருஷன் பிரான்சில். இவள் விசாவுக்காகக் காத்திருந்தாள்.

அவன் லீவில் வந்து போனால் ஒரு மாதத்துக்கு அவர்கள் வாசலில் சென்ட் வாசனை அடிக்கும். எனக்கும் சாக்லேட் கொடுப்பாள். வாங்கித் தின்பேன். தின்னும்போதே வயிறு எரியும்.

எனக்கு எதுவும் குறை இல்லை. வேலை இருந்தது, நல்ல மனுஷன் இருந்தார். ஆனால் நான் பார்த்த தூரம் கடலூர். அவள் ஏரோப்ளேன் ஏறப்போகிறவள்... அதுதான்.

அப்புறம் டிஷ் வந்தது. பிரெஞ்சு சேனலுக்காக அவள் புருஷன் ஏற்பாடு செய்திருந்தான். மாட்ட வந்தவர் வேலையை முடித்தபோது மாடியில் நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, உங்க கொடி டிஷ்ஷுக்கு நேரா இருக்குது. காஞ்ச துணின்னா பரவால்ல. ஈரமா, கனமா எதனா போட்டீங்கன்னா படம் நின்னுடும். அவங்ககிட்டயும் சொல்லிடுங்க."

சரி என்றேன். சொல்லவில்லை.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு சுவருக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சு கேட்கும். ஏதோ பாடம் நடத்துகிற நிகழ்ச்சி. டிவி ஒரு வாக்கியம் சொல்லும், ரோஸ்லின் அதைத் திருப்பிச் சொல்லுவாள். விசாவுக்கு பிரெஞ்சில் பேசிக் காட்ட வேண்டும் என்று புருஷன் சொல்லியிருந்தான். கிளாஸுக்கு அனுப்ப மாமியாருக்கு இஷ்டமில்லை. அந்த டிவிதான் அவளுக்கு வாத்தியார்.

"நாமளும் ஒரு டிஷ் மாட்டலாமா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"எதுக்கு? அவன் பேசறது உனக்கு இன்னா புரியும்?"

மறுநாள் ஜமுக்காளத்தை நனைத்தேன்.

கொடியில் போட்டுவிட்டுக் கீழே வந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஒரு பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அன்றைக்கு நல்ல பசி, நல்ல தூக்கம். எதற்காக அவள் படிக்கிறாள் என்று தெரியாமல் செய்யவில்லை. தெரிந்துதான் செய்தேன்.

ஹவுஸ் ஓனர் வந்து டிவியைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார். "எல்லாம் ஏர்போர்ட்டாலதாம்மா. என் தங்கச்சி மீனம்பாக்கத்துல இருக்குறா. மேல பிளேன் போனா அவ வீட்டு டிவி குதிக்கும்."

மீனம்பாக்கம் எங்கே, எங்கள் லாஸ்பேட்டை எங்கே? எங்களுக்கு என்றைக்காவது ஒரு ஹெலிகாப்டர் வந்தாலே தெருவே மாடியில் நிற்கும். ஆனாலும் எல்லோரும் நம்பினார்கள். நானும் பக்கத்தில் நின்று, "ஆமாமா, எங்க வீட்டுலயும் ஆடுது" என்றேன். பாவம், அந்த ஏர்போர்ட்.

ரோஸ்லின் ஒரு நோட்டு போட்டாள். படம் நின்ற கிழமை, நேரம், பிளேன் சத்தம் கேட்டதா இல்லையா... எல்லாம் எழுதி ஏர்போர்ட்டில் கொடுக்கப் போகிறேன் என்றாள். இருந்தும் ஜமுக்காளம் நிற்கவில்லை.

மூன்று மாதம் கழித்து விசா ஆபீஸில் அவளைக் கூப்பிட்டு பிரெஞ்சில் பேசச் சொன்னார்கள். திரும்பி வந்தவள் நேராக என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கேட்டது பாதி புரியலக்கா. திருப்பி வரச் சொல்லிட்டாங்க. அந்த ஏரோப்ளேனு என் பொழப்புல மண்ணப் போட்டுடுச்சி."

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். காபி போடுகிறேன் என்று எழுந்துபோய், அடுப்பு முன்னால் சும்மா நின்றேன்.

அடுத்த நாள் காலையில் கொடியை அவிழ்த்து மாடியின் எதிர்ப் பக்கம் கட்டினேன். அங்கே வெயில் நன்றாகப் படும் என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த முறை அவள் தேறினாள். கிளம்பும்போது டிஷ்ஷை எனக்கே கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை புரியாமல் ரொம்ப நாள் பார்த்தேன்.

இப்போது எல்லாமே கைக்குள் இருக்கிற போனில் வருகிறது. டிஷ்ஷுக்கு நேராக எதையும் தொங்கவிட முடியாது...

நேற்று வீடியோ காலில் ரோஸ்லின். வீட்டைச் சுற்றிக் காட்டினாள், தோட்டம் காட்டினாள். இன்னும் வயிறு எரிகிறது, பொய் சொல்வானேன். தலைக்கு மேலே பெரிதாக ஒரு இரைச்சல்.

"ஏர்போர்ட்டு பக்கத்துலதான்க்கா. நிமிஷத்துக்கு ஒரு பிளேன் போவுது. டிவி ஒரு நாளும் நின்னதில்ல."

போனை இன்னொரு கைக்கு மாற்றினேன்.

"அந்த நோட்டு இன்னும் வச்சிருக்கேன்க்கா. அதுல ஒரு நாள்கூட பிளேன் இல்ல. எல்லா நாளும் ஜமுக்காளம்தான். கொடிய நீங்களே மாத்திக் கட்டினீங்க பாருங்க... அதான் கேக்கல."

"ஹலோ... ஹலோ... சரியா கேக்கல" என்று சொல்லி வைத்துவிட்டேன். நன்றாகத்தான் கேட்டது.

இணையத்தில் என் பக்கத்தில் நான் எழுதுவதையெல்லாம் அவள் படிப்பாள். படி ரோஸ்லின். லைக் எல்லாம் வேண்டாம். நாளைக்குக் கூப்பிடு... லைன் கட் ஆகாது.