முயல் பங்கர்

சதுப்புத் தண்ணீர் சப்பாத்துக்குள் புகுந்தால் முதலில் பெருவிரல் விறைக்கும், பிறகு முழுக்காலும் மரத்துப்போகும். சுவிஸ் நாட்டின் ஊஸ்டரில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் கிடந்த அந்தச் சதுப்புவெளியை எல்லோரும் "ரீட்" என்பார்கள். அதன் நடுவே ஒரு பஸ் நீளத்துக்கு, இடுப்பளவு உயரத்தில், புல் மூடிய மண்மேடுகள் நாலைந்து இருந்தன. முன்னொரு காலத்தில் மடத்துத் துறவிகள் முயல் வளர்க்கக் கட்டியவை என்று பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். ஆசிரியை ஜெர்மனில் அதை முயலின் "பாவ்" என்றதும் நான் சிரித்துவிட்டேன். அப்பா சீமெந்து குழைக்கப் போகும் இடத்துக்கும் எங்கள் வீட்டில் "பாவ்" என்றுதான் பெயர்; முயல் பதுங்கும் குழிக்கும் கட்டட வேலைத்தலத்துக்கும் ஜெர்மனில் ஒரே சொல்.

அது 2009 மாசி. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, மனைவி பிள்ளைகளோடு வன்னியில் செல்லடிக்குள் அகப்பட்டிருந்தார். யாருடையதோ சட்டலைட் போனில் எப்போதாவது தொடர்பு கிடைத்தால் அப்பா சொல்வது ஒன்றுதான்: "பங்கருக்குள்ளயே இரு. எங்கையும் ஓடாதை." பக்கத்தில் வீட்டுப்பாடம் செய்த எனக்கு அது மனப்பாடம்.

ஒரு ஞாயிறு, வீட்டுக்குள் அடைந்துகிடந்த அப்பாவைப் பிடிவாதமாக ரீட்டுக்கு இழுத்துப்போனேன். ஒன்பது வயதுக்காரிக்கு விண்ணாணம் காட்ட வேறு என்ன கிடைக்கும்? "வளை" என்ற சொல் எனக்குத் தெரியாது. மண்ணுக்குள் பதுங்கும் இடத்துக்கு நான் அறிந்த தமிழ் ஒன்றே ஒன்று. "இது முயல் பங்கர், அப்பா" என்றேன்.

அப்பா மேட்டின் பக்கம் குனிந்தார். "முயலைக் காப்பாத்தவோ?"

"இல்லை, பிடிக்க. பங்கர் இருந்தா முயல் வேற இடம் ஓடாதாம். வேணுமெண்ட நேரம் வாசலில வலை கட்டிப் பிடிப்பினமாம்."

அப்பா திரும்பி விறுவிறென்று நடந்தார். வீட்டுக்கு வந்ததும், தம்பியைப் பங்கரை விட்டு வெளியே வரச் சொல்வதற்காக, ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தார். தொடர்பு கிடைக்கவில்லை. பங்குனி முழுவதும் அடித்தார், சித்திரையிலும் அடித்தார். போர் முடிந்த வைகாசிக்குப் பிறகு நிறுத்திவிட்டார். சித்தப்பா குடும்பத்தின் பெயர் எந்த முகாம் பட்டியலிலும் வரவில்லை.

ரீட்டில் இப்போது ஒரு முயலும் இல்லை. மேடுகள் மட்டும் கிடக்கின்றன. ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்த அப்பாவும் கதைப்பதை விட்டுவிட்டார். ஓடியவர்களும்தான் செத்தார்கள் என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். "நான்தானே இருக்கச் சொன்னனான்" என்கிறார். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் தம்பிக்காக அழுதிருப்பார், அவ்வளவுதான்.