கும்பிடாமல் ஓர் உதை

தம்பி பட்டாளத்தில் சேர்ந்து, பாதிப் பயிற்சியில் லீவுக்கு வந்திருந்தான். தாராவி வீட்டில் அம்மா அவனுக்காகக் கறிக்குழம்பு வைத்தாள். அவனோ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். தோண்டிக் கேட்டதில் விஷயம் வந்தது. ஒரு பரீட்சையில் பெயில். ஓட்டத்திலோ துப்பாக்கியிலோ அல்ல, ஆயுதமில்லாமல் எதிராளியை அடித்து வீழ்த்தும் பயிற்சியில்.

உதை நன்றாகத்தான் விழுகிறதாம். விழுந்த மறுநொடியே குனிந்து, உதை வாங்கியவனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறானாம். கால் யார்மேல் பட்டாலும் அப்படிச் செய்யச் சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. குனிந்தவனை எதிராளி சும்மா விடுவானா? கழுத்தைப் பிடித்து மண்ணில் அமுக்கிவிடுகிறான்.

"உஸ்தாத் என்ன சொன்னாரு?" என்றேன். பயிற்சி கொடுப்பவரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

"'கோயிலுக்கால வந்திருக்க'ன்னு இந்தில கத்துனாரு. அடுத்த தடவையும் இப்படின்னா வீட்டுக்கு அனுப்பிருவாங்கக்கா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இந்த வேலையைத் தவிர வேறெதற்கும் அவன் ஆசைப்பட்டதில்லை.

"ஏல, முலுண்ட் டிரெயின்ல தினம் எத்தன பேரு கால மிதிக்கேன்! எல்லாரையும் கும்பிட்டா ஆபீசு போய்ச் சேருவனா? எந்திரி. என்னை உதை."

அம்மா பதறிவிட்டாள். "கூடப்பொறந்தவளக் காலால உதைக்கதா? வெளங்குமால?"

"நீ அடுப்பப் பாரும்மா."

கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிட்டு, வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டேன். உதைத்தான், குனிந்தான், நறுக்கென்று குட்டினேன். திரும்ப உதைத்தான், திரும்பவும் குனிந்தான். லீவு முழுக்க, நான் ஆபீசிலிருந்து வந்ததும் இதே பாடுதான். ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் கன்னத்தில் அறைந்துவிட்டு நானே அழுதேன்.

அவன் கிளம்புவதற்கு முந்தைய மாலை. உதை தலையணையைத் தாண்டி விலாவில் இறங்கியது. தண்ணீர் டிரம்மில் மோதி உட்கார்ந்துவிட்டேன். மூச்சே வரவில்லை. அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

அவன் குனியவில்லை. இரண்டு முஷ்டிகளையும் முகத்துக்கு நேராகத் தூக்கியபடியே நின்றான்.

"வலிக்காக்கா?" என்றான். குரல் உடைந்திருந்தது.

உயிர் போகிற வலி. எப்போதும்போல் ஒருமுறை என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளமாட்டானா என்று மனசு ஏங்கியது.

"வலிக்கத்தாம்ல செய்யுது," என்றேன். "கைய இறக்காத."