ஞாயிற்றுக்கிழமைப் பூசம்

ஒரே நிலா. அதற்கு எங்கள் பக்கத்தில் எத்தனை பெயர்கள் என்று நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. தை மாதக் குளிரில் வருகிற முழுநிலாவை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பூச நிலா என்போம். நுவரெலியாப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன என் சின்னம்மா அதைக் கருக்கு நிலா என்பாள். அங்கே அந்த மாதம் மேகமில்லாமல் நிலா பளிச்சென்று அடித்தால், விடியும்போது தேயிலைக் கொழுந்தெல்லாம் பனியில் கருகிக் கிடக்கும். பனி செய்த வேலைக்குப் பழி நிலா மேல். கினிகத்தேனைக் கடைத்தெருவில் சிங்களவர்கள் துருது போயா என்பார்கள். சில வருடம் அதே தை நிலா அவர்களுக்கு நவம் போயா ஆகிவிடும். அதே தெருவில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முதலாளி வீட்டில் தைப் பௌர்ணமி என்று மட்டும் சொல்லி விரதம் இருப்பார்கள்.

பெயரோடு விட்டார்களா? அந்த நிலாவில் கைக்குழந்தையின் துணியைக் காயப்போடக் கூடாது. பிள்ளைத்தாய்ச்சி வாசலில் உட்காரக் கூடாது. அதற்கு முந்தி மார்கழியில் வருகிற திருவாதிரை நிலா கல்யாணப் பேச்சுக்கு ஆகாது. பூச நிலா நல்ல காரியம் எல்லாவற்றுக்கும் ஆகும். காது குத்தலாம், பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டலாம், பெண் கேட்டு வரலாம். நிலாவுக்குள் தெரிகிற கறுப்பைச் சிங்களப் பிள்ளைகள் முயல் என்பார்கள். எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு அது முதுகில் கூடை மாட்டிய பொம்பளை. அங்கேயும் போய்க் கொழுந்து பறிக்க வேண்டுமா என்று நான் சின்ன வயதில் சண்டை போட்டிருக்கிறேன்.

நான் அந்தப் பூச நிலாவில் பிறந்தவள். றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் இதைத் தெரியாதவர்கள் கிடையாது. தைப்பூசத் தேர் எங்கள் லயத்துக்கு முன்னால் வரும்போது அதன் அச்சு முறிந்து நின்றுவிட்டதாம். ஆண்கள் எல்லாரும் தேரை முட்டுக்கொடுத்து நிறுத்திக்கொண்டிருக்க, உள்ளே அம்மாவுக்கு நான் பிறந்திருக்கிறேன். சாமியே வாசலில் காத்துக்கொண்டு நின்றது என்று அம்மா சொல்லும். நான் இலங்கைக்காரியா இந்தியாக்காரியா என்று சர்க்கார் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு நட்சத்திரம் இருந்தது. அதுவும் நல்ல நட்சத்திரம்.

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு தை மாதம், நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை தோட்டத்து லொறி ஓட்டுகிறவர். தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு றொசல்ல ஸ்டேசனுக்கு வருவார். அவரை நான் அங்கே பல தடவை பார்த்திருந்தேன். பெட்டி இறக்குகிறவர்களை அதட்டாமல் தானும் ஒரு கை கொடுத்துத் தூக்குவார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை ஏன் மூடி மறைக்க வேண்டும்? அவர்கள் வருகிறார்கள் என்று அம்மா சொன்ன அன்றைக்கு நான் பறித்த கொழுந்தில் பாதி முற்றல் இலை. மலையில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மா இளைப்புக்காரர். எங்கள் லயத்து மேட்டை ஏறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, நல்ல நிறமாகப் போட்டிருக்கிறாய் என்றார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"பொண்ணுக்கு என்ன நச்சத்திரம் மதினி?" என்று அவர் கேட்டார்.

"பூசம்ங்க" என்றது அம்மா. அதோடு நிறுத்தியிருந்தால் என்ன? அம்மாவுக்கு அந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. "சும்மா பூசம் இல்லங்க மதினி. தேரு இந்தா இந்த வாசல்ல அச்சு முறிஞ்சு நிக்குது, உள்ள இவ அழுகுறா. நெலா வட்டத் தட்டு கணக்கா மேல நிக்குது."

அந்த அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அச்சு முறிஞ்ச தேரா? அத நானுந்தான் பாத்தேன். அப்ப நான் கல்யாணமாகி இந்தா அடுத்த தோட்டத்துலதான இருந்தேன். எங்க தேரு சனிக்கெழம. அன்னக்கித்தான் பூசம், நான் பால்கொடம் எடுத்தேன். மறுநா ஞாயித்துக்கெழம பொழுது சாயத்தான் உங்க தேரப் பாக்க வந்தோம். அச்சு முறிஞ்சு அப்படியே கெடந்துச்சு."

அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டியது. "ஆமாங்க, ஞாயித்துக்கெழமதாங்க. இங்க தொர அன்னக்கித்தான லீவு குடுத்தாரு."

எனக்கு அப்போதும் புரியவில்லை. அம்மாவுக்கும் புரியவில்லை. தோட்டத்தில் இருக்கிற யாருக்கும் புரிந்திருக்காது. ஏனென்றால் எங்களுக்குப் பூசம் என்றால் தேர் இழுக்கிற நாள். நட்சத்திரம் பார்த்துத் திருவிழா வைப்பது எல்லாம் இந்தியாவில், தாத்தாமார் விட்டு வந்த ஊரில் நடக்கிற காரியம். இங்கே பெரிய கங்காணி போய், தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரையிடம் லீவு கேட்பார். கொழுந்து நிறைய இருந்தால், ஞாயிற்றுக்கிழமை எப்படியும் வேலை இல்லைதானே, அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று துரை சொல்லிவிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்குப் பூசம். அன்றைக்கு வானத்தில் இருப்பதுதான் பூச நிலா. இதில் ஒரு பிழை இருக்கிறது என்று எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் தோன்றியதே இல்லை.

"பூசத்துக்கு மறுநா ஆயில்யம் மதினி" என்றார் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னார். ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்பது எங்கள் லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாமியாராக வரவேண்டியவர் அவரே. நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

அவர்கள் போன பிறகு அப்பா அட்டனுக்குப் போய்க் கோயில் ஐயரிடம் கேட்டுவிட்டு வந்தார். முழுநிலா வருகிற நாளில் பூசம்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையாம். சில வருடம் பூசம் முந்திக்கொள்ளும், நிலா ஆயில்யத்தில் நிறையும். அப்பாவுக்கு இதை ஏற்க மனமில்லை.

"சாமி என்னக்கித் தேருல ஏறுச்சோ அன்னக்கித்தாண்டி பூசம். சாமிக்குத் தெரியாததா ஐயருக்குத் தெரியும்?" என்று அம்மாவிடம் கத்தினார்.

நோட்டன் பிரிட்ஜுக்கும் ஆள் விட்டு இதையே சொல்லிப் பார்த்தார். பொருத்தம் இல்லை என்று பதில் வந்தது.

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அந்த அம்மா மேல் படலாமா? உயிருக்குப் பயந்தவர். என் அம்மா மேல்? அது பெருமைப்பட்டதைத் தவிர என்ன செய்தது? என் நட்சத்திரத்தை மாற்றி வைத்தவர் துரை. அவர் எப்போதோ சீமைக்குப் போய்விட்டார். இன்றைக்குக் கொழுந்து நிறைய இருக்கிறது என்று அவர் சொன்ன ஒரு பேச்சு, ஒரு பெண்ணின் கல்யாணத்தில் வந்து குறுக்கே விழும் என்று அவருக்குச் சொன்னாலும் விளங்கியிருக்குமா?

விஷயம் மலை முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு அம்மா மாப்பிள்ளை தேடிய விதம் இருக்கிறதே, அதைச் சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு அப்போது அழுகைதான் வந்தது. யார் ஒரு பையனைப் பற்றிச் சொன்னாலும், "பையனுக்கு அம்மா இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றால் அம்மாவின் முகம் மலரும். ஊரார் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்கள் செத்திருக்க வேண்டும் என்று என் அம்மா ஆசைப்பட வேண்டியதாகிவிட்டது. நான் இரண்டு நாள் சோறு தின்னாமல் சண்டை போட்டுப் பார்த்தேன். பலன் இல்லை.

அடுத்த வருடம் தை பிறந்து, குளிர் உடம்பைத் துளைத்துக்கொண்டிருந்தபோது, நோட்டன் பிரிட்ஜிலிருந்து செய்தி வந்தது. அந்த அம்மா இளைப்பு முற்றி இறந்துவிட்டார். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. என் தேத்தண்ணியைப் பாராட்டியவர். மறுநாள் மலையில் பறித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அடுத்த நிரையில் நின்ற அக்கா, என் காதில் விழட்டும் என்றே சொன்னாள்:

"பேச்செடுத்ததுக்கே மாமியாரு போய்ட்டாளே. கட்டிக்கிட்டுப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

இளைப்பு என்று ஒரு நோய் இருப்பதே எல்லாருக்கும் மறந்துபோயிற்று. பனியில் இலை கருகினாலும் நிலா. இளைப்பில் மனுஷி செத்தாலும் நிலா. நான் கூடையைத் தேயிலைச் செடி மேல் வீசிவிட்டு அவளைக் கண்டபடி ஏசினேன். கண்டாக்கு வந்து அரைப் பேர் வெட்டினார், அரை நாள் கூலி போயிற்று. வெட்டட்டும்.

சித்திரை கழிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், அவரே வந்தார். துணைக்கு யாரையும் கூட்டி வரவில்லை. மெலிந்திருந்தார். அம்மா பாயை விரித்துப் போட்டு, தேத்தண்ணி வைக்க என்னைச் சொல்லிவிட்டு, அவசரமாக அப்பாவைத் தேடி ஓடியது. அம்மாவின் ஓட்டத்திலேயே சந்தோஷம் தெரிந்தது. எனக்கும் சந்தோஷம்தான். மாற்றியுடுக்க நல்ல சேலை இருக்கிறதா என்றுகூட யோசித்தேன்.

அவர் கோப்பையை வாங்கிக்கொண்டு, குனிந்தபடியே சொன்னார்: "எனக்கு அன்னக்கே ஒங்களப் புடிச்சிருந்துச்சு. அம்மா இருந்ததுனால ஒண்ணும் பேச முடியல. இப்ப அம்மா போயிருச்சு. இனிமே பயமில்லங்க."

அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார். எனக்குத்தான் உள்ளே எதுவோ விட்டுப்போயிற்று. இந்த மனிதரும் நம்பியிருக்கிறார். வாயைத் திறக்காமல் இருந்தது அம்மாவுக்கு அடங்கிய பிள்ளை என்பதால் மட்டும் அல்ல. என்னைக் கட்டினால் தன் தாய் செத்துவிடுவாள் என்று நம்பி, அந்தத் தாய் சாகிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு வந்திருக்கிறார்.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்கு ஒங்க வீட்டுல ஒரு புள்ளைக்குக் காச்சல் வந்தாலும் நீங்க என் மூஞ்சியத்தான் பாப்பீங்க. வாயால சொல்ல மாட்டீங்க. ஆனா பாப்பீங்க."

இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே அவர் பின்னால் நோட்டன் பிரிட்ஜுக்கு நடந்தே போயிருப்பேன். அவர் தேத்தண்ணியை முழுவதும் குடித்தார். கோப்பையைத் தானே கழுவி வைத்தார். அப்பாவும் அம்மாவும் வந்து சேர்வதற்குள் எழுந்து போய்விட்டார்.