வருமுன் கொடுத்த காணிக்கை

எங்கள் மகள் வளைகுடா நாடு ஒன்றில் நர்ஸாக இருக்கிறாள். அந்தப் பக்கம் ஏவுகணைகள் பறக்கத் தொடங்கிய வெள்ளிக்கிழமையிலிருந்து, ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு டி.வி. அணையவே இல்லை. மூன்று சேனல்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்றில் விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். அடுத்ததில் நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு விமானம் கிளம்பிவிட்டது. மூன்றாவதில் கோட்டுப் போட்ட ஒருவர் மேஜைமேல் பொம்மை ஏவுகணைகளை நகர்த்திக்கொண்டிருந்தார். ஒரே புகைமூட்டத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அது பழைய புகையா, புதுப் புகையா என்று தெரியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எழுந்து டி.வி. பக்கத்தில் போய் நின்று பார்த்தேன்.

மகளிடமிருந்து அன்று காலை ஒரே ஒரு செய்தி வந்திருந்தது. நல்லா இருக்கேன், டூட்டி, பொறவு பேசுறேன். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. கூப்பிட்டால் ரிங்கே போகவில்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. சனிக்கிழமை ஆபீசுக்குப் போகும் பஸ்ஸிலும் போனில் செய்திதான். பக்கத்து சீட்டில் இருந்த சேத்தூர்க்காரர் எட்டிப் பார்த்து, "இதெல்லாம் நாலு நாள்ல அடங்கிரும்" என்றார். இறங்கும்போது அவரே, "உலகப்போரு வருதுன்னுல்ல சொல்லுதாங்க" என்றார். நான் இரண்டையும் நம்பினேன்.

என் மனைவிக்கு இந்தக் குழப்பம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். வெண்டைக்காய் நறுக்குவாள், நறுக்கியபடியே உதடு அசையும். ஜெபம் செய்கிறாளாம். "அந்தப் பொட்டிய அமத்திட்டு வந்து முழங்கால் போடுங்க" என்பாள். நானும் போட்டேன். கண்ணை மூடினால் அந்தப் புகைதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனோம். எங்கள் சபையில் பிரசங்கம் முடிந்ததும் போதகர் ஸ்தோத்திர காணிக்கைகளை வாசிப்பார். பிறந்தநாள், கல்யாணநாள், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மகனுக்கு வேலை கிடைத்தது என்று அவரவர் காரணத்தைப் பணம் வைத்த கவரின் மேல் எழுதிப் போட்டிருப்பார்கள். நான் பெஞ்சுக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என் பெயர் காதில் விழுந்தது. எங்கள் மகள் வெளிநாட்டிலிருந்து சுகமாக வீடு வந்து சேர்ந்ததற்காக நாங்கள் காணிக்கை கொடுத்திருப்பதாகப் போதகர் வாசித்தார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. வந்துவிட்டாளா? எப்போது? நான் குளிக்கப் போன நேரத்தில் போன் வந்ததா? மதுரையில் இறங்கிவிட்டாளா? இவள் ஏன் என்னிடம் சொல்லவில்லை? பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் பல்லைக் காட்டினேன். அந்த இரண்டு நிமிடம் என் மகள் வந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

வாசலில் செருப்பை மாட்டும்போது மெதுவாகக் கேட்டேன். "யாரு வந்துட்டா?"

"வருவா."

"வந்து சேர்ந்ததுக்குன்னு எழுதியிருக்கியே?"

"வந்த பொறவு குடுத்தா அதுல விசுவாசம் எங்க இருக்கு?"

நடக்காததை நடந்ததாக எழுதிக் கொடுத்தால் கோர்ட்டில் அதற்கு வேறு பெயர். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினேன். நாளைக்கு சபையில் என்ன பதில் சொல்லுவாய், ஆண்டவரையே இக்கட்டில் மாட்டிவிடப் பார்க்கிறாயா என்றெல்லாம் கேட்டேன். "கொத்தமல்லி வாங்கணும், செத்த நிறுத்துங்க" என்றாள்.

நாலு மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சபையிலிருந்து இரண்டு பெண்கள். அவர்கள் பின்னாலேயே, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் மச்சினனும் அவன் மனைவியும் பால்கோவாவோடு வந்து இறங்கினார்கள். யாரோ போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார்கள்.

"பாப்பாவ எங்க, அத்தான்?" என்றான் மச்சினன்.

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. கவரில் எழுதியது வேறு, முகத்தைப் பார்த்து ஒருவரிடம் பொய் சொல்ல அவளுக்கு வராது. நாலு பேர் முன்னால் அவள் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. முந்திக்கொண்டேன்.

"உள்ள தூங்குறா. ரெண்டு நாளா அலைச்சல். எழுப்ப வேண்டாம்."

எல்லோரும் உடனே குரலைத் தாழ்த்தினார்கள். மச்சினன் பால்கோவாவைச் சத்தமில்லாமல் மேஜையில் வைத்தான். அவன் மனைவி சாத்தியிருந்த அறைக்கதவைப் பார்த்து, "பாவம், எம்புட்டு பயந்திருப்பா" என்று கிசுகிசுத்தாள். நான் எழுந்துபோய் டி.வி.யை அணைத்தேன். அரை மணி நேரம் ஆறு பேரும் டம்ளரைக்கூடப் பார்த்துப் பார்த்துக் கீழே வைத்து, அந்த அறைக்குள் இல்லாத பெண்ணின் தூக்கத்தைக் காத்தோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, மூன்று நாளில் அந்த அரை மணி நேரம்தான் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஜெபத்தில் கிடைக்காதது பொய்யில் எப்படிக் கிடைத்தது? ஒருவேளை இதைத்தான் இவள் விசுவாசம் என்கிறாளா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அவர்கள் போனதும் மனைவி உட்கார்ந்து அழுதாள். "காலையில என்ன பேச்சு பேசுனீக. இப்ப நீங்களே இப்படி."

"நீ எழுதுனதத்தான் நான் சொன்னேன்."

மேற்கொண்டு சண்டை போடத் தெம்பில்லை. இருவரும் முழங்கால் போட்டோம். கண்ணை மூடினேன். இந்தத் தடவை புகை வரவில்லை, சாத்திய கதவு வந்தது.

ஆறு மணி வாக்கில் போன் அடித்தது. மகள்தான். நெட்வொர்க் இல்லை, அதனால்தான் பேச முடியவில்லை, எல்லோருக்கும் லீவை ரத்து செய்துவிட்டார்கள், இப்போதைக்கு வரமுடியாது, பயப்படாதீர்கள் என்று ஒரே மூச்சில் சொன்னாள். இருக்கிறாள், ஆனால் வரவில்லை. ஸ்தோத்திரம் சொல்வதா, இன்னும் மன்றாடுவதா என்று தெரியாமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்க எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது இதுதான்.

"தூங்குனியாம்மா?"

"ரெண்டு நாளா இல்லப்பா. இப்பத்தான் அரை மணி நேரம் கெடச்சிருக்கு. அதான் உங்களக் கூப்பிட்டேன்."

"போன வச்சிட்டுப் படு" என்றேன். "நாங்க சத்தம் போடாம இருக்கோம்."