கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கிண்ணம் பால்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். படைக்கென்ன, நடுங்குவதற்குத் துணையாக ஆயிரம் பேர் இருப்பார்கள். எழுபதுகளில், ஊரைவிட்டு வந்து குடியேறிய டண்டினொங்கில், ஏழு மாத வயிற்றோடு ஒரு பாம்புடன் வீட்டில் தனியே இருந்தவள் நான்.

அது என் கணவரோடு தொழிற்சாலையில் வேலை செய்த வெள்ளைக்காரர் வளர்த்த மலைப்பாம்பு. அவருக்கு ஒப்பரேஷன். இரண்டு கிழமைக்குப் பாம்பைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியிருக்கிறார். என்னுடைய மனுசன் தலையாட்டிவிட்டுப் பெட்டியோடு வந்து நின்றார்.

"உங்களுக்கு விசரோ? வீட்டில பிள்ளைத்தாச்சி இருக்கிறாள் எண்டு சொல்லேல்லையோ?"

"அவனாலதானே எனக்கு இந்த வேலை கிடைச்சது. எப்பிடி மாட்டன் எண்டுறது? அது பெட்டிக்குள்ள தன்ரபாட்டில கிடக்கும்."

எங்கள் ஊரில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் பாம்பை அடிக்க மாட்டார்கள். அடித்தால் தோஷம் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு. ஆனால் அடிக்காமல், நம்முடைய கவனக்குறைவால் செத்துப்போனால்? அதற்கு என்ன விதி என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் எனக்கு இரட்டைப் பயம். வெளியே வந்துவிடுமோ என்று ஒன்று, உள்ளேயே செத்துவிடுமோ என்று மற்றது.

பெட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் சூடு கொடுக்கும் தட்டையான மெத்தை ஒன்று இருந்தது. ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர், பாம்பு தனக்கு வேண்டிய இடத்துக்குத் தானே போகும் என்று அதன் சொந்தக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். சூடு இல்லாவிட்டால் இந்தக் குளிருக்கு அது தாங்காதாம்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. கணவர் பின்னேர வேலைக்குப் போன பிறகு கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. மெத்தை செத்துப்போயிருந்தது. பாம்பு மூலையில் சுருண்டு அசையாமல் கிடந்தது. தட்டினேன். அசையவில்லை.

வீட்டில் சூடு தரக்கூடியவை மூன்று. கட்டிலில் விரிக்கும் மின்சாரப் போர்வை. அதை மடித்தால் தீப்பிடிக்கும் என்று கணவர் எச்சரித்திருந்தார். சுடுதண்ணீர்ப் பை. அது ஒரு மணித்தியாலத்தில் ஆறிவிடும். பிறகு என் முதுகு நோவுக்கு மருந்துக்கடையில் வாங்கிய ஹீற்றிங் பாட், துணி உறை போட்டு, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் சுவிச்சோடு. மனுசருக்கு நல்லதென்றால் பாம்புக்கு ஆகாதா? அதையே எடுத்தேன்.

அடியில்தான் வைக்கவேண்டும். ஆனால் ஏழு மாத வயிற்றோடு அந்தப் பெட்டியை எப்படித் தூக்குவது? பக்கத்தில் சாய்த்து வைத்தேன், சரிந்து விழுந்தது. கடைசியில் மூடியைத் திறந்து, நீள அகப்பையால் தள்ளித் தள்ளி, பாம்பு இல்லாத மூலையில் உள்ளேயே விரித்து, பிளக்கைக் குத்திச் சூட்டைப் போட்டேன். வயர் போவதற்காக மூடியைக் கொஞ்சம் நீக்கலாக விட்டேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். என் புத்தி விட்டதா? வெள்ளிக்கிழமை, வீட்டில் பாம்பு. எங்கள் ஊர்ப் பாம்புத் தெய்வம் நாகதம்பிரானுக்குப் பால் வைக்காமல் இருக்கலாமா? எவர்சில்வர் கிண்ணத்தில் பால் வார்த்தேன். பிரிட்ஜுக்குள் இருந்து எடுத்த பால். குளிரில் கிடக்கும் சீவனுக்குக் குளிர்ந்த பாலா என்று இரங்கி, கிண்ணத்தை அந்த ஹீற்றிங் பாட் மெத்தையின் மேலேயே வைத்தேன். கைகூப்பி, "பிள்ளைக்கு ஒண்டும் செய்துபோடாதை" என்று கேட்டேன்.

அரை மணித்தியாலத்தில் பாம்பு தலையை எடுத்தது. சூட்டை நோக்கி நீண்டது. நான் சந்தோஷப்படுவதற்குள் அதன் உடம்பு கிண்ணத்தில் இடித்தது. பால் முழுவதும் மெத்தையில்.

மின்சாரம் என்பது மூளைக்கு எட்டவில்லை, பாம்பு வெந்துபோகும் என்பதுதான் எட்டியது. மூடியைத் தள்ளிக் கையை விட்டு மெத்தையைப் பிடித்து இழுத்தேன். கரண்ட் முழங்கை வரைக்கும் உதறி என்னை நிலத்தில் இருத்தியது. பியூஸ் போய் லைற் அணைந்தது.

எழும்பிச் சுவரில் பிளக்கைப் பிடுங்கினேன், மூடியைப் போட்டேன். இதெல்லாம் செய்த பிறகுதான் வயிறு நினைவுக்கு வந்தது. பின்னேரம் முழுக்க உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை அசையவில்லை.

வயிற்றைத் தடவினேன். மெல்லத் தட்டினேன், சற்று முன் கண்ணாடியைத் தட்டியதைப் போல. ஒன்றுமில்லை. போன் இல்லாத வீடு. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி என்ன சொல்வது? பாம்புக்குப் பால் வைத்தேன், கரண்ட் அடித்தது என்று எந்த இங்கிலீசில் சொல்வது? கணவர் வர இன்னும் எத்தனையோ மணித்தியாலம். பாம்புக்குப் பயந்து பயந்து, பிள்ளையை என் கையாலேயே கரண்டுக்குக் கொடுத்துவிட்டேனே என்று வாய்விட்டு அழுதேன். நாகதம்பிரானையும் ஏசினேன். பால் வைத்தவளுக்குச் செய்கிற வேலையா இது?

ஆனாலும் குசினிக்குப் போனேன். காஸ் அடுப்பு எரிந்தது. தண்ணீர் கொதிக்கவைத்துப் பையை நிரப்பினேன். பாம்பும் செத்துவிட்டால் எல்லாமே முடிந்துவிடும் என்று ஒரு விசர் எண்ணம். பையைக் கண்ணாடியோடு வைத்து, சரியாமல் என் முதுகால் முட்டுக்கொடுத்து நிலத்தில் இருந்தேன். இரண்டு கையும் வயிற்றில். பின்னால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஏதோ உரசுவது போல மெல்லிய சத்தம் கேட்டது.

அப்போது பிள்ளை உதைத்தது. ஒரு தரம், பிறகு இன்னொரு தரம்.

பாம்பு என்ன செய்கிறது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.